எனக்கு மட்டும் சொல்லாத சேதி

பிப்ரவரி 6
மீசோ சூப்பில் உப்பே இல்லை. இதயத்துக்கு ஆகாதாம். பூகம்பத்தில் கூரை ஓடுகள் மொத்தமும் சரிந்தும் எனக்கு ஒரு கீறல் இல்லை. நெஞ்சு மட்டும் பிடித்துக்கொண்டது. மகள் மிச்சியோதான் கையைப் பிடித்தபடி ஆம்புலன்ஸில் கூடவே வந்தாள்.

டாக்டர் நாகஹாரா படம் வரைந்து காட்டினார். அதிர்ச்சியில் இதயத்தின் அடிப்பக்கம் உப்பி, ஆக்டோபஸ் பிடிக்கும் பானை மாதிரி ஆகிவிட்டதாம். நோய்க்கே அந்தப் பானையின் பெயர்தான். என் வீட்டுக்காரர் ஆயுள் முழுக்க அதைக் கடலில் இறக்கியவர். உள்ளே போனது தப்பித்து வந்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"பெரும்பாலும் சில வாரத்துல பழையபடி சுருங்கிடும்மா. ஆனா எழுபத்தொன்பது வயசு, கவனமா இருக்கணும்" என்றார். அந்த 'ஆனா' எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 8
மிச்சியோ வரவில்லை. மகன் கெய்ஜி வந்திருக்கிறான். புத்தாண்டுக்குக் கூட ஒரு நாளுக்கு மேல் இந்தத் தீவில் தங்காதவன், ஒசாகாவில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

"மிச்சியோ எங்கடா?"

"வீட்டுல ஓடெல்லாம் அள்ளிக்கிட்டிருக்கா. நீ பேசாம படும்மா."

பிப்ரவரி 9
மருமகள் யுகாரி முலாம்பழம் கொண்டுவந்தாள். மரப்பெட்டியில், நாடா கட்டி. வீட்டுக்காரர் போவதற்கு முந்தின வாரமும் இப்படித்தான் ஒன்று வந்தது.

"எதுக்கும்மா இது?"

"சும்மாதான் அத்தை."

சும்மா யார் அவ்வளவு விலை கொடுத்து அந்தப் பழத்தை வாங்குவார்கள்? நான் தொடவில்லை.

பிப்ரவரி 10
டாக்டர் கெய்ஜியை வெளியே கூப்பிட்டுப் பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு.

எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் என்று எங்களிடம்தான் சொன்னார்கள். அவரிடம் வயிற்றுப்புண் என்றோம். கடைசிவரை சிரித்துக்கொண்டே கஞ்சி ஊட்டினோம். கெய்ஜி இன்று அதே சிரிப்போடு உள்ளே வந்தான்.

பிப்ரவரி 11
புரிந்துவிட்டது. மிச்சியோவுக்கு நடிக்கவே வராது. என்னைப் பார்த்ததும் அழுதுவிடுவாள். அதனால்தான் அவளை இங்கே விடமாட்டேன் என்கிறார்கள்.

பிப்ரவரி 12
டாக்டரை மடக்கினேன். "மறைக்காதீங்க. இன்னும் எத்தனை நாளு?"

"உங்க இதயம் நல்லா தேறிட்டு வருதும்மா. எங்களுக்கே ஆச்சரியம்."

படித்த பொய்யர். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே?

பயமா இருக்கு. இத்தனை வயசாச்சு, இன்னும் என்ன பயம்? — இருக்கே, என்ன செய்ய.

பிப்ரவரி 13
காலையில் கெய்ஜியிடம் சொல்லிவிட்டேன். "சாகறதுக்குள்ள மிச்சியோவைப் பாக்கணும். அழுதா அழட்டும், கூட்டிட்டு வா."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நீ சாகலம்மா. மிச்சியோதான்... கீழ்மாடியில ஐசியூல இருக்கா."

எனக்கு வந்த அதே பானை நோய். ஓடு அள்ளும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. நாற்பத்துமூன்று வயதுதானே, தசைப்பிடிப்பு என்று விட்டுவிட்டாள். இங்கே கொண்டுவந்தபோதும், சின்ன வயது, சீக்கிரம் தேறிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம்.

"உன்கிட்ட சொன்னா உன் நெஞ்சு தாங்காதுன்னு..." என்று அழுதான்.

டாக்டர் தலையைத் தொங்கப்போட்டபடி சொன்னார்: "இந்த வயசுல வர்றதே அபூர்வம்மா. வந்தா சிலருக்கு ஆரம்பத்துலயே பலமா அடிச்சிடுது."

சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். உடம்பெல்லாம் குழாய். கை சில்லென்று இருந்தது. கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை.

பழத்தை சந்தேகப்பட்டேன், சிரிப்பை சந்தேகப்பட்டேன். எல்லாம் என் உசுருக்காக. அவ ஏன் வரலன்னு அவளுக்காக ஒரு நிமிஷம் நெனச்சேனா? என்ன தாய் நான்?

பிப்ரவரி 14
விடிவதற்குள் மிச்சியோ போய்விட்டாள்.

ஏப்ரல் 7
நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. மிச்சியோவின் அஸ்தியை அவள் அப்பா பக்கத்திலேயே வைத்தோம்.

இன்று பரிசோதனைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். என் இதயம் முழுக்கச் சரியாகிவிட்டதாம், உப்பலின் அடையாளமே இல்லையாம். "இந்த வயசுல இவ்வளவு நல்லா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நான் நம்பவில்லை. மறுபடி எடுத்துப் பாருங்கள் என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்தார். நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருந்தது.