கிருத்திகை விரதமும் சீனுவின் இரத்தமும்

திண்டிவனம்
12-8-1989

சௌபாக்கியவதி செண்பகத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் தம்பி சீனுவாசனும் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, லேப் முத்திரை குத்திய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீயும் நலமாக இருப்பாய், ஆனால் உன் கையெழுத்து நலமாக இல்லை, ஆராய்ச்சிக்காரிக்கும் முற்றுப்புள்ளி வைக்கத் தெரிய வேண்டும்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ எழுதியதை நான்கு முறை படித்தேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். ரிசப்டர் என்று நீ சொல்வதை நான் வாசல் என்கிறேன். கெடாத கொலஸ்ட்ராலுக்குச் செல்லில் ஒரு வாசல் உண்டு, தேவையானது சேர்ந்ததும் அது மூடிக்கொள்ளும். அதே கொலஸ்ட்ரால், எண்ணெய் காறிப்போவது போல உடம்புக்குள்ளேயே கெட்டுவிட்டால் அதற்கு வேறொரு வாசல், அந்த வாசலுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. வாங்கி வாங்கிச் செல் நுரையாக உப்பி, இரத்தக்குழாய்ச் சுவரிலேயே உட்கார்ந்து வழியை அடைத்துவிடுகிறது. படித்ததும் உன் அப்பா நினைவுதான். பந்தியில் யார் எதைப் போட்டாலும் இலையின் மேல் கை வைத்து மறிக்கத் தெரியாத மனிதர், ஐம்பத்திரண்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதனால்தான் இது குடும்பத்தில் இறங்கும் வியாதியாகவும் இருக்கலாம், கல்யாணத்துக்கு முன் சீனுவுக்கு இரத்தம் பார்த்துவிடுங்கள் என்று நீ எழுதியபோது நான் மறுக்கவில்லை. விழுப்புரத்து லேபில் விரதமாக வரச் சொன்னார்கள். இரண்டு விரதமும் ஒன்றாகப் போகட்டும் என்று ஆடிக் கிருத்திகையன்றே புறப்பட்டோம், கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது மயிலம் மலைப் பக்கம் கும்பிட்டுக்கொண்டோம். நான்காம் நாள் தாள் வந்தது, கொழுப்பு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. பெண் வீட்டில் சொல்லாமல் அம்சவள்ளியை மருமகளாக அழைத்து வரக் கூடாது, அவளும் என்னைப் போல நாற்பத்தைந்தில் தனியாக நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அங்கே போகுமுன் லேபில் ஒரு வார்த்தை கேட்போம் என்று சீனுவோடு மறுபடி விழுப்புரம் போனேன்.

அங்கே இரத்தம் எடுக்கிற இருதயராஜ், "அன்னிக்கு இன்னா சார் சாப்ட்டுக்கினு வந்தீங்க, ரத்தத்து மேல பாலாடை கட்டிக்கினு இருந்துது" என்று கேட்டார். உன் தம்பி விரதம் என்றான். நானும் தலை நிமிர்ந்து, சோற்றைத் தொடவில்லை, எங்கள் வீட்டுக் கிருத்திகை வழக்கப்படி பலகாரம் மட்டும்தான் என்றேன். என்ன பலகாரம் என்றார். நெய்த் தோசை ஆறு, வடை இரண்டு, தேங்காய்ப்பால் பாயசம், ஒரு டம்ளர் பால் என்று சொல்லச் சொல்லவே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யம்மா, இதுக்குப் பேரு விரதம்னா விருந்துக்கு இன்னா பண்ணுவீங்க" என்றார். காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கான்வென்டில் படித்தவள் தலை குனிந்து நின்றேன், எனக்கு அப்படி நின்று பழக்கமில்லை.

பிறகு ஒரு நாள் முந்தின இரவு ஏழு மணியிலிருந்து வெறும் தண்ணீரோடு அவனைக் கூட்டிப்போனேன். நேற்று தாள் வந்தது. கொலஸ்ட்ரால் நூற்று எழுபது, அன்று மூன்று மடங்காக ஏறியிருந்த கொழுப்பும் அளவுக்குள். இருதயராஜைக் கல்யாணத்துக்கு அழைத்தேன். "கல்யாணம் கெடக்கட்டும்மா, அடுத்த கிருத்திகைக்குக் கூப்பிடுங்க" என்கிறார். சம்பந்தியம்மாள் பூமாலையிடம் இரண்டு தாளையும் காட்டினேன், மறைப்பது என் வழக்கமில்லை. "எங்க ஊட்லயும் கிருத்திகைன்னா இதே கூத்துதாங்க" என்று அவளும் சிரித்துவிட்டாள்.

நேற்று இரவு சந்தோஷத்தில் சீனுவுக்கு மூன்றாவது முறையாகப் பரிமாறப் போனேன். இலையின் மேல் கையை வைத்து, போதும்மா என்றான். இந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. உன் அப்பா சொன்னதில்லை, நானும் அவர் சொல்லும்படி விட்டதில்லை. கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டேன்.

ஆவணி இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், லீவு கேட்டு முன்னதாகவே வந்துவிடு. நீ நீடூழி வாழ்ந்து, உன் கையால் அந்த வாசலுக்கு ஒரு கதவு கிடைக்க வேண்டும். மறக்காமல் நீயும் ஒருமுறை இரத்தம் பார்த்துக்கொள், நீயும் அவர் பிள்ளைதான். வெறும் வயிற்றோடு போ.

உன் அம்மா,
அ. ராஜாமணி