நூற்று முப்பத்தேழு

ஜூன் 4, 1955. அட்டன்

இன்றும் சோறு ஆறிப்போனது. கூப்பிட்டால் "இதோ" என்கிறார் என் வீட்டுக்காரர்; வருவதில்லை. ஒளியும் மின்சாரமும் சேர்கிற கணக்கில் எங்கே பார்த்தாலும் நூற்று முப்பத்தேழு வருகிறதாம். எந்த அலகில் அளந்தாலும் மாறாதாம். ஆகவே அது கடவுள் தன் கையால் எழுதிய எண்ணாம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது!

ஜூன் 9

இப்போது பைபிளுக்கு வந்துவிட்டார். ஊர்விட்டு வந்தவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற சங்கீதப் பாட்டின் எண்ணும் நூற்று முப்பத்தேழாம்.

"கடல் தாண்டி வந்த நம்ம கதைதானே பவுலின்?"

நான் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள். "எங்க பைபிள்ல அது நூத்து முப்பத்தாறுங்க" என்றேன்.

ஒரு நிமிடம் முகம் வாடியது. பிறகு பார்த்தால், இங்கிலாந்தில் ஒரு பேராசிரியரும் முதலில் நூற்று முப்பத்தாறு என்றுதான் சொன்னாராம், அப்புறம் ஒன்று கூட்டிக்கொண்டாராம். அதுவும் பொருந்துகிறதாம்! இவரிடம் இனி என்ன பேச?

ஜூன் 10

மழை. தலைவலி.

ஜூன் 17

எங்கள் மகள் சுகிர்தம் போய் இன்றோடு ஒரு வருடம். நாலு வயது. தொண்டை அடைப்பான். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோகையில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. என் மடியிலேயே —

கல்லறைக்குப் போகலாம் வாங்க என்றேன். நாளைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஆசிரியர்களுக்கு அந்த எண்ணைப் பற்றிப் பேச வேண்டுமாம், நேரமில்லையாம். கத்திவிட்டேன்.

"செத்தது உங்க புள்ள! அந்த நம்பரா வந்து உங்கள அப்பான்னு கூப்பிடப் போவுது?"

கணக்குத் தாளை மடித்து வைத்தார். "ஒரு எண்ணே சும்மா வரலன்னா, எதுவுமே சும்மா நடக்கல பவுலின். அவ போனதுக்கும் ஒரு காரணம் இருக்கணும்ல?"

அட, இதற்குத்தானா இவ்வளவும்? என்ன காரணம்? மழை பெய்தது, மண் சரிந்தது, அவ்வளவுதான். ஏன் இது இவர் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது?

ஜூன் 18

மண்டபம் நிறைய ஆசிரியர்கள். அவர் பேசி முடித்ததும் கணக்கு மாஸ்டர் வீரய்யா எழுந்தார். "இப்ப துல்லியமா அளந்துட்டாங்க சார். நூத்து முப்பத்தேழு புள்ளி பூச்சியம் மூணு, அதுக்கு மேலயும் நீளுது. ஆண்டவன் தசமத்திலயா எழுதுவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வருடமாக நான் வீட்டில் கத்துவதைத்தான் வீரய்யா நாகரிகமாகச் சொன்னார். ஆனாலும் அந்த ஆளின் வாயைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. எனக்கே என்னைப் புரியவில்லை.

மழையில் குடையை விரிக்காமலே நடந்தார். வீட்டு வாசலில், "அப்ப சும்மாதானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று சொல்லாமல், துண்டெடுத்து அவர் தலையைத் துவட்டினேன்.

ஜூன் 26

அவரே கூப்பிட்டார். பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். மானாப்புல் மண்டி, கல்லில் பிள்ளையின் பெயர் தெரியவில்லை. முழங்காலிட்டுப் பிடுங்கிக்கொண்டே வந்தவர், பெயர் தெரிந்ததும் அப்படியே குனிந்து அழுதார். புதைத்த அன்றுகூட அழாத மனிதர்.

நான் தைரியமாகத்தான் நின்றேன். திடீரென்று, "ஏங்க? ஏன் நம்ம புள்ள? ஏன் அன்னிக்குன்னு பாத்து அந்த மழ?" — கேட்டது என் வாய்தான்.

அவர் எந்தக் கணக்கும் சொல்லவில்லை. மண் ஒட்டிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.