நான் சேர்த்த சிரிப்பு

74, ஆடி 9, வியாழன்

காத்து. காத்துன்னா காத்து. பள்ளிக்கூடத்து உப்புமாக் கொட்டாய் மேல கெடந்த பனையோலை ரெண்டு பறந்து போயி சோளக்காட்டுல. அடுப்புச் சாம்பலெல்லாம் அண்டாவுக்குள்ள. பொடுசுகளுக்குத் தெரியல, கடுகுன்னு நெனைச்சுத் தின்னுதுங்க.

நாளைக்கு வேணும்: எல நூத்தியிருவது. வெறகு. எண்ணெ டின் புதுசு ஒடைக்கோணும். ரெண்டு கை குலுக்கற படம் போட்ட டின்னு. ஒரு கை அமெரிக்காக்காரனுது, இன்னொண்ணு நம்முளுதாம். அத்தனை சுத்தமா நம்மூருல எவன் கை இருக்குது.

பெ.சா. பதினோரு மணிக்கு ருசி பாக்க வந்தாரு. (ஹெட்மாஸ்டரு. பெரிய சாருன்னு முழுசா எழுதக் கை வலிக்குது.) அவரு தின்னு பாத்துட்டுத்தான் பிள்ளைங்களுக்குப் போடோணும், சட்டம். தின்னுக்கிட்டே, "அப்பறம் என்ன விசேஷம் மயிலாத்தா?" எனக்கு அது போதுமே.

மேட்டுக்காட்டு ராமசாமியண்ணன் மக சரசு, ஏழாப்பு. நேத்து பஸ் நிக்கற எடத்துல பொள்ளாச்சி பஸ்ஸு கிளீனர்கிட்ட என்னமோ பொஸ்தகம் வாங்குனா. அதைச் சொன்னேன். வெறுமனே வாங்குனான்னா அதுல என்ன இருக்குது, தாளிக்காத உப்புமா. "சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு நின்னாளுங்க"ன்னு சேத்தேன். பெ.சா. செகப்பு அட்டை நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டாரு. ரவை எத்தனை போச்சுன்னு குறிக்கறாரோ என்னமோ.

ஓலை நாளைக்குக் கட்டோணும். கயிறு இல்ல.

ஆடி 10, வெள்ளி

காத்து நிக்கல. ஓலை கட்டல.

மத்தியானம் ராமசாமியண்ணனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்புட்டு உட்டிருந்தாங்க. ரூமுக்குள்ள போனாரு, வந்தாரு, மூஞ்சி கறுத்துப் போச்சு. சொம்புல தண்ணி குடுத்தேன். பாதி குடிச்சுட்டு, "திங்கக்கெழமை பேரை வெட்டிக்கறேன் மயிலு. அவ படிச்சது போதும்."

"ஏனுங்கண்ணா, என்னாச்சு?"

"போதும்னா போதும்."

எனக்கு ஒண்ணும் பிடிபடல. சரசு நல்லாப் படிக்கற புள்ள. உப்புமா நாலாப்பு வரைக்குந்தான், ஆனா எல போட ஏழாப்புப் பொண்ணுங்க வருவாங்க. பரிமாறி முடிச்சுட்டு வெறகு அடுக்குக்குப் பின்னால உக்காந்துக்குவாங்க. சரசு படிப்பா, மூணு பேரு கேப்பாங்க. கிளீனர்கிட்ட வாங்கற வாரப் பத்திரிகை, தொடர்கதை. பெ.சா. பாத்தா கிழிச்சுப் போடுவாரு, அதனால பூகோளப் பொஸ்தகத்துக்குள்ள வெச்சிருப்பாங்க. அண்டா கழுவற சாக்குல நானுங் கேப்பேன். போன வாரம் கதையில டாக்டரு ஊட்டுப் பொண்ணு ரயிலேறிட்டா. எந்த ஊருக்குன்னு போடல. ஒரு வாரமா அந்த ரயிலு என்ற மண்டைக்குள்ள ஓடுது.

ஆடி 13, திங்கள்

எப்படி எழுதறதுன்னே தெரியல. ஒண்ணொண்ணா எழுதறேன்.

அப்பன் வாரதுக்கு முந்தியே சரசு தனியா வரப்பு வழியா நடந்து வந்துட்டா. பாவாடையெல்லாம் புழுதி. நேரா பெ.சா. ரூமு வாசல். நான் டீ கொண்டு போயி நின்னுட்டிருந்தேன்.

"என்ற பேரை வெட்டறதுக்கு முன்னால என்ற பக்கத்தைப் படிக்கோணுமுங்க சார்."

"எந்தப் பக்கம்?"

"செகப்பு நோட்டுல இருக்கறதுங்க. அதைப் படிச்சுக் காட்டித்தான நிறுத்தச் சொல்றீங்கன்னு அப்பா சொன்னாருங்க."

"நான் நிறுத்தச் சொல்லல. உங்கப்பா முடிவு அது. அது பிள்ளைங்க படிக்கற நோட்டு இல்லம்மா, பெரியவங்களுக்கு."

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுங்க சார். எனக்குத் தெரியுமுங்க. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

டீ கிளாஸ் என்ற கையிலயே ஆறிப் போச்சு. பெ.சா. மூஞ்சியப் பாத்து ஒருத்தரு இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. கத்தல, அழுவல. ரேஷன் கடையில நம்ம சாமானைக் கேக்கற மாதிரி கேட்டா.

பெ.சா. வெராந்தாவுல நிக்கச் சொல்லிட்டாரு. நின்னா. அப்பன் வந்து கையப் புடிச்சு இழுத்தாரு. "படிச்சுட்டு வாரனுங்கப்பா"ன்னா. டி.சி. பாரம் தீந்து போச்சாம், வெள்ளிக்கெழமைதான் வருமாம். அப்ப பேரு இன்னும் ரிஜிஸ்டர்லதான இருக்குதுன்னு நின்னுட்டா. சாயந்திரம் மணியடிக்கற வரைக்கும். அந்தக் காத்துல ஜடை பறந்து பறந்து மூஞ்சியில அடிக்குது, ஒதுக்கவே இல்ல.

ஆடி 14, செவ்வாய்

இன்னைக்கும் நின்னா. பெ.சா. "இது என்ன ஸ்ட்ரைக்கா?"ன்னாரு. "இல்லீங்க சார். நிக்கச் சொன்னீங்க, நிக்கறனுங்க."

இனி என்ற விசயம். எனக்கு எழுத்துத் தெரியும்ங்கறது ஒருத்தருக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்துல சேரல. பதினோரு வருசமா ஒண்ணாப்புத் தட்டிக்கு இந்தப் பக்கம் அடுப்பூதறேன். அந்தப் பக்கம் வருசா வருசம் 'அ'னாவுல இருந்து ஆரம்பிக்கும். பதினோரு தடவை ஒண்ணாப்புப் படிச்சவ ஜில்லாவுலயே நான் ஒருத்திதான் இருப்பேன். சாம்பல்ல கரிக்குச்சியில எழுதி எழுதி அழிப்பேன். 'ழ' வாரதுக்கு மூணு வருசம். வெளிய சொல்லல. ரிஜிஸ்டர்ல இன்னமும் கைநாட்டுத்தான். உப்புமாக்காரிக்கு எதுக்கு எழுத்துன்னு சிரிப்பாங்க.

இன்னைக்கு ருசி பாக்க வந்தப்ப நாலாப்புல ஒருத்தன் மண்டையை ஒடைச்சுக்கிட்டான்னு பெ.சா. ஓடுனாரு. நோட்டு ரவை மூட்டை மேல. கையத் தொடைச்சுட்டு எடுத்தேன். நல்லாத் தொடைச்சேன்.

பிள்ளைக்கு ஒரு பக்கம். சரஸ்வதி, ஏழாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். 'பஸ் கிளீனருடன் நின்று சிரித்துப் பேசினாள்.' ஓரத்துல சின்னதா, 'தகவல்: உப்புமாக்காரி.'

என்னைய ஒருத்தரு எழுதி நான் பாத்தது அதுதான் மொதல் தடவை. திருப்பத் திருப்ப உப்புமாக்காரி. எவன் பீடி குடிச்சான், எவ பூ வெச்சா, எவங்கப்பன் எங்க போனான். அத்தனையும் நான் வாயில போட்டு மென்னு துப்புனது. வாயில சொன்னது காத்தோட போயிரும்னு நெனைச்சேன். இந்த ஆடிக் காத்துலயும் போகாம உக்காந்திருக்குது, மைய்யில.

இருந்த எடத்துலயே வெச்சுட்டேன். உப்புமாவுக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன்.

ஆடி 15, புதன்

மூணாவது நாள். சரசுக்குத் தண்ணி கொண்டு போனேன். "அக்கா, அந்த நோட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னா.

"எனக்கென்ன கண்ணு எழுத்தா தெரியும்"னேன்.

எழுதறப்பவே கை கூசுது.

ஆடி 16, வியாழன்

எரும கண்ணு போட்டுருச்சு, கெடாரி. சீம்பால் அக்கம்பக்கத்துக்குக் குடுத்தேன். சரசு நின்னா. நான் அந்தப் பக்கமே போகல.

ஆடி 17, வெள்ளி

பாரம் வந்துருச்சு. மேசை மேல டி.சி. புக்கு, பேனா. ராமசாமியண்ணன் துண்டை இடுப்புல கட்டிட்டு நின்னாரு. வாசப்படியில சரசு. நான் டீ.

பெ.சா. தங்கமான மனுசன், அதையுஞ் சொல்லோணும். பிள்ளைங்க கெட்டுப் போகக் கூடாதுன்னுதான் அத்தனையும். அவருக்கும் அலுத்துப் போச்சாட்ட. "சரி, நானே படிக்கறேன், கேட்டுக்கோ"ன்னு படிச்சாரு.

சரசு கேட்டுட்டு, "பத்திரிகை வாங்குனது நெசமுங்க சார். சிரிக்கலீங்க. அன்னைக்கு எனக்குக் கடவாப்பல்லு வலி, வாயே தொறக்க முடியல. சிரிச்சதை மட்டும் எடுத்துருங்க."

நெசந்தான். கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்துச்சு. அன்னைக்குக் கிராம்பு குடுத்ததே நானு.

"பாத்தவங்க சொன்னதத்தானம்மா எழுத முடியும்."

"பாத்தது யாருங்க சார்?"

"அது சொல்றதுக்கில்ல."

"நான்தானுங்க"ன்னேன். எப்படி வந்துச்சுன்னு தெரியல. "வாங்குனதப் பாத்தேன். சிரிப்பு நான் சேத்ததுங்க. சும்மா, பேச்சுக்கு."

சரசு என்னையப் பாத்தா. வஞ்சிருந்தாத் தேவலை.

ராமசாமியண்ணன் நோட்டையே பாத்துட்டிருந்தாரு. மெதுவா, "என்னையப் பத்தியும் அதுல இருக்குதுங்களா சார்?"

"பிள்ளைங்க நோட்டுங்க அது"ன்னாரு பெ.சா.

"இருக்குதுங்கண்ணா. கீழ ரெண்டு வரி."

பெ.சா. திரும்புனாரு. "உனக்கெப்படித் தெரியும்?"

"படிச்சனுங்க சார்."

அப்பறம் அண்ணன், "நீயே படி மயிலு"ன்னாரு. பெ.சா. தடுக்கல. மேசைகிட்டப் போயி வெரலு வெச்சுப் படிச்சேன். 'தகப்பன் சந்தை நாளில் கள்ளுக்கடை. வீட்டில் தாயுடன் ஓயாத வாக்குவாதம்.' அதுவும் நான் சொன்னதுதான். முழுங்காமப் படிச்சேன்.

அண்ணன் மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டாரு. "கள்ளு நெசமுங்க சார். சண்டையில்லீங்க. அவளுக்குக் காது மந்தம். சத்தமாப் பேசுனாத்தான் கேக்கும். அத மட்டும் எடுத்துருங்க."

மக கேட்ட அதே வார்த்தைன்னு அவருக்கே ஒறைச்சுது போல. மகளைப் பாத்தாரு. மகளும் பாத்தா.

"டி.சி. வேண்டாமுங்க சார். நீ கிளாசுக்குப் போ அம்மணி."

அம்மணி போகல. மேசைக்கு வந்து பென்சிலை எடுத்தா. "எழுதறதெல்லாம் வழக்கமில்ல சரஸ்வதி"ன்னாரு பெ.சா. நோட்டை இழுத்துக்கல. அவ எழுதுனா: 'சிரிக்கவில்லை. பல்வலி. சரஸ்வதி, 7.' அதுக்கும் கீழ, 'அம்மாவுக்குக் காது கேட்காது.' அப்பறந்தான் போனா.

கொட்டாய்க்கு வந்தேன். வெறகு மேல உக்காந்தேன். பதினோரு வருசம் எழுத்தக் கத்துக்கிட்டேன், எதுக்குன்னு பன்னெண்டு வயசுப் புள்ளகிட்டத் தெரிஞ்சுக்கிட்டேன். கூப்புட்டுக் கும்புடலாம்னு இருந்துச்சு. அவ கணக்குக் கிளாசுல.

ஆடி 20, திங்கள்

தூறல். காத்துக் கொறைஞ்சிருக்குது.

ஞாயித்துக்கெழமை சந்தையில இதே பேச்சுத்தானாம். காலையில அப்பனுங்க ஏழெட்டுப் பேரு, "நம்முளுது என்னன்னு போட்டிருக்குதுங்க சார்?" பெ.சா. என்ன பண்ணுவாரு, வெராந்தாவுல மேசை போட்டுட்டாரு. அஞ்சாப்பு, ஆறாப்பு, ஏழாப்பு, வரிசை கெணத்தடி வரைக்கும். ஆளுக்கு அவங்கவங்க பக்கம் மட்டும். பென்சில் சரசு கையில. ஒருத்தன் படிச்சுட்டு, "இது நெசந்தானுங்க சார்"னு தலையச் சொறிஞ்சுட்டுப் போறான். ஒருத்தி அங்கயே நின்னு ஒரு முழுப் பக்கம் எழுதறா. பெ.சா. அதையெல்லாம் படிக்கறாரு, தலையே தூக்கல. போறவங்க எல்லாம் என்னைய மொறைச்சுட்டுத்தான் போறாங்க. மொறைக்கட்டும்.

ஒண்ணாப்புல இருந்து ஒரு பொடுசு வந்து சீலையப் புடிச்சுது. "மயிலக்கா, எனக்குப் பக்கம் இருக்குதா?"

இல்ல சாமி, ஒண்ணாப்புக்கு இல்லன்னேன்.

அழுதுருச்சு.