கண்டென்சரை இறக்கி வைப்பவர்

ஜூன் 3, திங்கள்

கை தானாகப் போய் மைக்ராஸ்கோப்பின் கண்டென்சர் நாபைத் திருகியது. திரும்பவில்லை. ஏற்கெனவே உச்சியில்தான் நிற்கிறது. கிளாட்வின் வேலை மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் லேபுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. இந்தக் கைக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

எங்கள் ராஜபாளையம் லேபில் மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று. காலையில் யூரின் அவர் பார்ப்பார். சாயம் ஏற்றாத செல், வெளிச்சம் கூடினால் கண்ணுக்கே தெரியாது. அதனால் கண்டென்சரைக் கீழே இறக்கி வெளிச்சத்தைக் குறுக்கிவிடுவார். அடுத்து, ஸ்லைடில் தடவிச் சாயம் ஏற்றிய ரத்த ஸ்மியரோடு நான் உட்காருவேன். எனக்கோ வெளிச்சம் முழுசும் வேண்டும். மூன்று வருஷமாகத் தினமும் இதே சண்டை. எந்திரிக்கும்போது ஏத்தி வச்சா கை தேஞ்சா போகும் என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒரு நாளும் ஏற்றியதில்லை.

புது ஆள் வரும்வரை யூரின் சாம்பிள் எல்லாம் பக்கத்துத் தெரு லேபுக்குப் போகிறது. இறக்க ஆள் இல்லை.

ஜூன் 5, புதன்

இங்கே கடைசி நாளன்று கிளாட்வின் ஸ்லைடு கழுவிக்கொண்டே கேட்டார்: "எங்க வீட்ல வந்து பேசச் சொல்லட்டா?"

அக்கா கல்யாணம் முடியட்டும், பொறவு சொல்லுதேன் என்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு? பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாரோ? போன் பண்ணலாம் — பண்ணவில்லை. என் வாயெல்லாம் சண்டைக்கு மட்டும்தான்.

ஜூன் 14, வெள்ளி

நேற்று அக்கா கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கடைசிப் பந்தி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

ஜூன் 22, சனி

ஒரு ஸ்மியரில் மலேரியாவா என்று சந்தேகம். கிளாட்வினிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. பஸ்ஸில் ஸ்லைடு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் மனப்பாடம் பண்ணினேன்: வீட்ல வந்து பேசச் சொல்லுங்க. நாலே வார்த்தை.

நான் உள்ளே போனபோது கிளாட்வின் அப்போதுதான் யூரின் பார்த்து முடித்து எழுந்தார். என்னை உட்காரச் சொன்னார். என் கை வழக்கம்போல நாபுக்குப் போனது. திரும்பவில்லை.

"எந்திரிக்கும்போது ஏத்தி வச்சிருதேன். நீ ஏசி ஏசிப் பழகிப்போச்சு" என்றார்.

அந்த லேபில் அவரை விட்டால் மைக்ராஸ்கோப்பில் உட்கார ஆளே கிடையாது. பின்னே யாருக்காக?

நாலு வார்த்தையும் தொண்டைக்கு வந்துவிட்டது. அவர் ஸ்லைடை நகர்த்தக் கையை நீட்டினார். விரலில் மோதிரம்.

"வத்திராயிருப்புல பொண்ணு பாத்திருக்காக. போன ஞாயிறு நிச்சயம் முடிஞ்சது. நீ ஒண்ணும் சொல்லலியே."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஸ்மியரில் கிடந்தது வெறும் சாயத்தூசி. அவர்தான் பார்த்துச் சொன்னார். என் கண்ணுக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஜூலை 1, திங்கள்

புது ஆள் சேர்ந்தாயிற்று. பாண்டிசெல்வி, மம்சாபுரத்துப் பிள்ளை, வேலையில் சுத்தம். யூரின் முடித்து எழுந்தவள் எனக்காகக் கண்டென்சரை உச்சிவரை ஏற்றி வைத்துவிட்டு, சரியா இருக்கா அக்கா என்று கேட்டாள்.

"இறக்கியே வச்சிரு செல்வி. நான் ஏத்திக்கிடுதேன்" என்றேன்.