கடைசி ஈரடியில் உன் பெயர்

அமாஸ்யாவிலிருக்கும் அன்புத் தங்கை குல்சுமுக்கு, இஸ்தான்புல்லிலிருந்து அண்ணன் பெஹ்ஜெத் தலைகுனிந்து எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க இறைவன் அருளட்டும். நீ அனுப்பிய ஆப்பிள் வற்றல் வந்து சேர்ந்தது. பாதியை வழியிலேயே எலி தின்றுவிட்டது. கூடவே வைத்திருந்த உன் கஸல் கவிதை பத்திரமாகத்தான் வந்தது. அதற்குக் கேடு செய்தவன் நான்தான்.

பாஷா வீட்டுக் கவியரங்கில் அன்று என் கையில் புதிதாக ஒன்றும் இல்லை. உன்னுடையதைப் படித்தேன். உன்னுடையது என்று சொல்லித்தான் முடிக்க நினைத்தேன், சத்தியமாக. பாதியிலேயே ஆளாளுக்கு ஆகா ஆகா என்று கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அப்படி ஒருநாளும் நடந்ததில்லை, உனக்கே தெரியும். கடைசி ஈரடியில் கவிஞர் பெயர் வரும் இடம் வந்தது. நீ 'ஷெம்ஸா' என்று உன் புனைபெயரை எழுதியிருந்த இடத்தில் 'ஹஸ்மி' என்று என் புனைபெயரைச் சொல்லிவிட்டேன். சந்தம் கொஞ்சமும் இடறவில்லை. இடறியிருந்தால் தப்பித்திருப்பேன்.

கவிஞர்களின் வரலாற்றைத் தொகுக்கும் ரெஃபெத் எஃபெந்தி அங்கேயே அதை எழுதிக்கொண்டார். பத்து நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அடேங்கப்பா, பாசக்கார அண்ணன்தான்யா நீ! தங்கச்சிக்குச் சீதனமா கஸலையே தூக்கிக் குடுக்கிறியா? பொம்பளைக்கு இப்படியெல்லாம் எழுத வருமா? போய்யா, போய் வேலையப் பாரு" என்றார். உன் கையெழுத்தைக் காட்டினேன். "நீ சொல்லச் சொல்ல எழுதியிருப்பா" என்றார்.

நேற்று அவருடைய நூலைப் பார்த்தேன். என்னைப் பற்றிய பக்கத்தில் உன் கஸல். அதன் கீழே, இவருடைய தங்கையும் ஷெம்ஸா என்ற பெயரில் எழுதுவதாகச் சொல்வர், அவற்றையும் இவரே எழுதித் தருவதாகக் கேள்வி என்று ஒரு வரி. நான் திருடியது ஒரு கஸலை. அந்த வரி நீ எழுதிய அத்தனையையும் பிடுங்கிக்கொண்டுவிட்டது. நூலைப் படியெடுக்க ஐந்து பேர் உட்கார்ந்தாயிற்று. என் பேச்சை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெட்கமாயிருக்கிறது அம்மா, உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே. அடுத்ததை எனக்கு அனுப்ப வேண்டாம். அங்குள்ள பெண்களைக் கூட்டி உன் வாயாலேயே படி. கடைசி ஈரடியில் உன் பெயர் வரும்போது இன்னும் கொஞ்சம் உரக்கப் படி. இறைவன் உன் பெயரைக் காப்பாற்றட்டும், உன் அண்ணனிடமிருந்தும்.

பெஹ்ஜெத்