ஏழாம் எண்ணின் குடல்

மார்ச் 3
இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், ஒன்பது நாள். முழங்கால்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. மூளை மட்டும் தேவைக்கு மேல் உழைக்கிறது.

எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தின் விலங்கு மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். கேள்வி கேட்கத் தெரிந்த பெண். நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் வெளியிட்ட அட்டவணையைப் பிரித்து வைத்திருக்கிறார்: பன்னிரண்டு மார்மொசெட்டுகள், அணிலைவிடச் சற்றே பெரிய குரங்குகள், இறந்தபின் அவற்றின் குடல் நீளங்கள்.

"மேடம், ஏழாம் எண் சாகும்போது இருநூத்தி ஆறு கிராம்தான். எலும்பும் தோலும். சிறுகுடல் அறுபத்தெட்டு சென்டிமீட்டர்னு போட்டிருக்கீங்க. அது நல்லாக் கொழுத்த குரங்கோட அளவு இல்லையா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது?

மார்ச் 4
உடல் இளைத்தாலும் குடல் சுருங்காது என்கிறது எங்கள் கட்டுரை. அதற்கு ஒரே சாட்சி ஏழாம் எண். நோயில் இளைத்துக் கிடக்கும் நான்கு குரங்குகளுக்கு அதை நம்பித்தான் மருத்துவர் அடுத்த வாரம் முழுத் தீனி தரப்போகிறார். சுருங்கிய குடல் அதைத் தாங்காது.

மார்ச் 6
என் கணவரிடம் சொன்னேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அது என் தப்பு."

குடலை உப்புநீர்த் தட்டில் மிதக்கவிட்டு, அவர் நுனியைப் பட்டும் படாமலும் பிடிப்பார். நான் ஈரநூலை அதன்மேல் படியவைத்து அளப்பேன். மற்றப் பதினொன்றையும் அப்படித்தான் அளந்தோம். ஏழாம் எண்ணுக்கு மூன்று வாரம் சொட்டுக்குழாயால் பால் புகட்டியவர் அவர். அது இறந்த அன்று அறையைவிட்டு வெளியேறிவிட்டார்.

"நான் ஓடிப்போயிட்டேன். நீ ஒத்த ஆளா அளந்தே. பிடிக்க ஆள் இல்லாம குடல் இழுபட்டுருச்சு. வேறென்ன?"

பெரிய துப்பறிவாளர்தான். கோப்பைகளைக் கழுவினேன்.

மார்ச் 7
கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதுகிறார். முதல் வரியே, 'இரண்டாம் ஆசிரியரான நான் கடமை தவறியதால்'.

"இத்தன வருஷமா உறுத்திட்டே இருந்துச்சும்மா. எழுதிட்டா நிம்மதியாப் போவேன்."

என்னிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். — நான் சொன்னேனா?

மார்ச் 8
உறையை ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறார். திருடியைப்போல அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஊரையே வாயடைக்க வைப்பவளுக்கு இன்று என்ன வந்தது? பேசித் தொலையேன்டி.

மார்ச் 9
காலையில் மருத்துவரை அழைத்து, ஏழாம் எண்ணை நீக்கிவிடுங்கள், தீனியைக் காற்பங்கில் தொடங்குங்கள் என்றேன். பிறகு கணவருடைய உறையைக் கிழித்துப் போட்டு, நான் எழுதிய கடிதத்தை அவரிடம் நீட்டினேன். கீழே என் கையெழுத்து மட்டும்.

இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"கல்நெஞ்சக்காரின்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே."

"மாத்திச் சொல்ல வேண்டாம். எனக்குப் பழகிடுச்சு."

"எங்க வெச்சே?"

"லேபுக்குப் பின்பக்கம், தண்ணித் தொட்டி ஓரமா. உங்க மப்ளர்ல சுத்தி."

"அடிப்பாவி. பஸ்ல தொலைஞ்சுதுன்னு அந்தக் கண்டக்டரோட சண்ட போட்டேனே."

"தெரியும். பக்கத்துலதானே நின்னேன்."

நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டும் படாமலும் அல்ல.

மார்ச் 24
நான்கும் தின்கின்றனவாம். ஒன்று மருத்துவரின் விரலைக் கடித்துவிட்டதாம், நல்ல அறிகுறி.

என் கடிதத்தின் கடைசி வாக்கியம் அறிவியல் ஆகாது, நீக்கலாமா என்று இதழாசிரியர் கேட்டார். கூடாது என்றேன். இன்று அச்சில் வந்திருக்கிறது:

'ஏழாம் எண் அறுக்கப்படவே இல்லை. அதை முழு உடலாக நானே புதைத்தேன். அட்டவணையில் உள்ள எண்கள் அளந்தவை அல்ல. பிழைத்து, வயிறாரத் தின்று வளர்ந்திருந்தால் அதன் குடல் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தேனோ, அதை எழுதினேன்.'