பிரேக்கில் அடித்த பளபளப்பு

என்னங்க,

நான் கத்தியதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

காரைத் தொடாதீர்கள், சாவி என்னிடம். டயருக்கு அடிக்கிற பளபளப்பு எண்ணெயைப் பிரேக் டிஸ்க்கிலும் அடித்து வைத்திருக்கிறீர்கள், போட்டோவில் மின்னட்டும் என்று! வாசலுக்கு எடுத்தால், மிதிக்க மிதிக்க வண்டி நிற்கவில்லை. கேட்டில் இடிக்க ஒரு சாண்தான் பாக்கி. பிரேக் பேட் எல்லாம் எண்ணெயைக் குடித்துவிட்டது, இனி உதவாது. பட்டறை அண்ணனிடம் ஒரு செட் இருக்கிறதாம், வாங்கி வந்து மாட்டுகிறேன்.

பத்திரிகைக்காரர் பத்து மணிக்கு வருவார். டீ போட்டுக் கொடுங்கள். முட்டை அவித்து வைத்திருக்கிறேன், நீங்களும் சாப்பிடுங்கள்.

நேற்று அவர் போனில், "சார், உங்க வண்டி பிரமாதம். மேடத்தையும் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க, படம் அழகா வரும்" என்றார். "அதுக்கென்ன, நிப்பா" என்றீர்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த அந்தப் பழைய வண்டியை மூன்று வருஷம் பிரித்து மாட்டியவள் நான். நீங்கள் ஒரு ஸ்பானர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. காலையில் கத்தியதில் பாதி பிரேக்குக்கு, பாதி இதற்கு.

நான் வருவதற்குள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நானே சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பார், நீங்கள் சொன்னால் நம்புவார். அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பி.கு.: நாலு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து துடைத்திருக்கிறீர்கள், தெரிகிறது. முதுகுத் தைலம் ஃபிரிட்ஜ் மேல்.

இன்னொன்று: சொன்னீர்களா என்று நான் கேட்கமாட்டேன். நான் வந்ததும் வண்டியைப் பற்றி அவர் முதல் கேள்வியை யாரிடம் கேட்கிறார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.